சொன்ன பேச்சைக் கேட்கும் வண்டி

திருநகர் தாண்டி, திருமங்கலம் சாலையில் இருக்கும் ஹெல்மர் கார் ஷோரூமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கார் வாங்க வருவதில்லை, ஓட்டிப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது சத்யப்ரியாவுக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை ஆனால் போதும், படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்குப் போகும் பையன்கள் நாலைந்து பேராக வருவார்கள். "அக்கா, கைரோவ ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாமா?" என்பார்கள். அவளும் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறுவாள். முதல் வளைவில் திருப்பியதுமே பையன் முகம் மலர்ந்துவிடும். "என்னக்கா, ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகுது!" என்று சொல்லிச் சொல்லி மாய்வான். திரும்பி வந்து வண்டியில் சாய்ந்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, "வீட்ல பேசிட்டு வாரேன்க்கா" என்று போனால் போனதுதான். ரெண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அவன் வீட்டு வாசலில் நோவாரா நிற்கும்.

நாலு மீட்டர் நீளத்துக்குள் அடங்குகிற சின்ன எஸ்யூவிகள்தான் இப்போது ஊரெல்லாம் ஓடுகின்றன. ஹெல்மர் கம்பெனியின் கைரோவும் அதில் ஒன்று. நோவாரா, பெலிக்ஸ் என்று வேறு இரண்டு கம்பெனிகளின் வண்டிகள் அதற்குப் போட்டி. தூரத்தில் நிறுத்தினால் மூன்றையும் அடையாளம் கண்டுபிடிப்பதுகூடக் கஷ்டம். ஆனால் கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள், வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், ஓட்டுவதற்குக் கைரோதான் முதல் என்று. அதே கைரோ மதுரையில் மாதம் நாலு விற்றது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த நோவாரா ஷோரூமில் மாதம் அறுபது போனது.

ஷோரூம் முதலாளி ஆலனுக்கு இது ஆறாத புண். அப்பா அம்மா இருவருமே மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவரோ வங்கி வேலையை விட்டுவிட்டு, கைரோவை ஒருமுறை ஓட்டிப் பார்த்த மயக்கத்தில் ஏஜென்சி எடுத்தவர். ஸ்டியரிங்கைப் பற்றி அவர் பேசினால், பாட்டு தெரிந்தவர்கள் ராகத்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். கேட்கிறவர்களுக்குப் பாதி புரியாது. புரிந்தவர்கள் வாங்க மாட்டார்கள்.

பொங்கல் முடிந்து ஷோரூம் திறந்த அன்று அவர் சத்யப்ரியாவைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். சென்னையிலிருந்து கம்பெனி எழுதியிருந்தது. மார்ச் முடிவதற்குள் முப்பது வண்டிகளாவது விற்காவிட்டால் மதுரை ஏஜென்சியைத் தொடர இயலாது.

"போன மூணு மாசத்துல எத்தன வித்தோம் சத்யா?"

"பதினொண்ணு சார்."

ஆலன் கண்ணாடிக்கு வெளியே நின்ற சிவப்புக் கைரோவைப் பார்த்தார். "இம்புட்டு நல்ல வண்டி. ஏன் வாங்க மாட்டேங்கிறாங்க?"

பதினெட்டுப் பேர் அங்கே வேலை பார்த்தார்கள். சத்யப்ரியாவுக்கு வேறு ஷோரூமில் நாளைக்கே வேலை கிடைக்கும். ஆனால் அவளுக்கும் அந்த வண்டியைப் பிடித்திருந்தது. அவர் கேட்ட அதே கேள்வியோடுதான் அவளும் தினமும் வீட்டுக்குப் போனாள்.

*

அந்த வாரக் கடைசியில் கீழக்குயில்குடியிலிருந்து இருளாயியும் அவள் புருஷன் நல்லகாமனும் வந்தார்கள். இருளாயிக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் தொழில். பன்னிரண்டு மிஷின், பதினைந்து பெண்கள். மேலூர் முதல் உசிலம்பட்டி வரை பள்ளிகளுக்குத் துணி போகிறது. நல்லகாமனுக்கு மூன்று ஏக்கர் வயல், கிணற்றுப் பாசனம்.

ஆலன் நேரே நல்லகாமனிடம் போனார். இஞ்சினின் இழுவை, அதாவது டார்க் எவ்வளவு, வளைவில் வண்டியின் உடம்பு எப்படிச் சாயாமல் நிற்கிறது என்று பத்து நிமிஷம் பேசினார். நல்லகாமன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "பின்னாடி எத்தன பேரு உக்காரலாம்?" என்றார்.

அதற்குள் இருளாயி ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்திருந்தாள். சீட்டை முன்னே தள்ளினாள், உயர்த்தினாள், கழுத்தை நீட்டி முன்பக்கம் பார்த்தாள்.

"ஏத்தா, இதுல உக்காந்தா மூக்கு முனை எங்க முடியுதுன்னு தெரியுது. எல்லா வண்டியிலயும் இப்புடித் தெரியுமா?"

சத்யப்ரியா திடுக்கிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"நீங்களா ஓட்டப் போறீங்க அக்கா?"

"பின்ன? டிரைவரு ஒரு நா வந்தா மூணு நா வாரதில்ல. துணி மூட்டய வச்சுக்கிட்டு ஆட்டோவுக்குக் கெடந்து அலையுறேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி லைசென்ஸ் எடுத்தேன். கொழுந்தனாரு நோவாராவத்தான் ஓட்டிப் பழகுனேன். அது பஞ்சு மாதிரி இருக்கு, குத்தம் சொல்ல முடியாது. ஆனா சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி நிக்கிதுன்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது. ரெண்டு தடவ கேட்டுல ஒரசிட்டேன். அன்னையில இருந்து வீட்ல ஆளாளுக்கு ஒரு பேச்சு."

"ஓட்டிப் பாருங்கக்கா" என்று சத்யப்ரியா சாவியைக் கொடுத்தாள்.

நாகமலை அடிவாரத்துச் சாலையில் இருளாயி முதல் பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். எதிரே ஆட்டு மந்தை வந்தபோது ஒதுங்கி நின்றாள். கண்மாய்க்கரைத் திருப்பத்தில் எதிரே வந்த டிராக்டருக்கு இடம் விட்டு ஓரத்தில் இறக்கி ஏற்றினாள். அதற்குப் பிறகு அவள் தோள் தானாகத் தாழ்ந்தது. ஊருக்குள் ஒரு குறுகலான சந்தில் அவளாகவே நுழைந்து பின்னால் எடுத்தாள். இரு பக்கச் சுவரிலும் படவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை ஒருமுறை தடவினாள்.

"இது சொன்ன பேச்சக் கேக்குதுத்தா" என்றாள்.

ஓட்டுவதில் சுகம், சுகம் என்று ஆலன் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இந்தப் பெண்மணி வேறொன்றாகச் சொல்லிவிட்டாள் என்று சத்யப்ரியாவுக்குத் தோன்றியது. பையன்களுக்கு அது விளையாட்டு. இவளுக்கு அது தைரியம்.

ஆனால் பின்சீட்டில் இருந்த நல்லகாமன் இறங்கும்போது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார். "ஏம்மா, இதுல பின்னாடி ஆளு உக்காருவாகளா, இல்ல ஆட்டுக்குட்டிய ஏத்துவாகளா? கால நீட்ட முடியல. ரிப்பேருன்னா இங்கனதான் வரணும். விக்கணும்னா யாரு வாங்குவா? நோவாராவே எடுத்துப்புடலாம் இருளாயி."

வாசலில் செருப்பைப் போடும்போது இருளாயி சத்யப்ரியாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இதுதாத்தா புடிச்சிருக்கு. ஆனா வீட்டுக்கு வார வண்டியில நான் மட்டுமா உக்காரப்போறேன்?"

*

அடுத்த மூன்று நாட்கள் சத்யப்ரியா வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. போன வருஷம் வீட்டு ஆட்களோடு வந்து கைரோவை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போன எழுபத்தொரு பேரின் விண்ணப்பங்களையும் எடுத்து மேஜையில் அடுக்கி, ஒவ்வொருவராகப் போன் செய்தாள். விற்க அல்ல, ஏன் வாங்கவில்லை என்று கேட்க.

"எங்க மாமனாரு ஏறி உக்காந்தாரு, தலை இடிக்குதுன்னாரு. அம்புட்டுத்தான், பேச்சு முடிஞ்சது" என்றார் திருநகரில் ஒரு வங்கி ஊழியர்.

"சர்வீஸுக்கு உசிலம்பட்டில இருந்து அங்க வந்து ஒரு நாளக் கெடுக்கவா? நோவாராவுக்கு எங்க ஊர்லயே இருக்குல்ல" என்றார் ஒரு உரக்கடைக்காரர்.

ஒரு பையன் வெட்கத்தோடு சிரித்தான். "அக்கா, இன்னமும் அந்த வண்டிதான்க்கா என் போன்ல வால்பேப்பர். ஆனா வீட்ல பெலிக்ஸ்தான் எடுத்தோம்."

எழுதிக்கொண்டே வந்ததில் ஒன்று தெளிந்தது. ஓட்டினவர்கள் எல்லோரும் கைரோவைப் புகழ்ந்தார்கள். பின்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதைத் தள்ளினார்கள். ஒரு வீட்டில் ஓட்டுகிறவர் ஒருவர், உட்காருகிறவர்கள் நாலு பேர். ஹெல்மர் கம்பெனி அந்த ஒருவருக்காக மட்டும் வண்டி செய்து, அந்த ஒருவரிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கூப்பிட்ட ஒரு எண்ணில் பெண் குரல் எடுத்தது. எஸ்தர் என்று பெயர் சொன்னாள், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"சார் இருக்காங்களாங்க? போன ஆகஸ்டுல எங்க வண்டிய ஓட்டிப் பாத்தாங்களே..."

"அவரு ஓட்டலைங்க. ஓட்டுனது நான். அவருக்கு லைசென்ஸே கெடையாது." எஸ்தரின் குரலில் பழைய எரிச்சல் லேசாக எட்டிப் பார்த்தது. "அதுக்கப்புறம் உங்க ஆளுங்க நாலு தடவ போன் பண்ணாங்க. நாலு தடவயும் அவருகிட்டதான் பேசுனாங்க. எனக்கு எப்புடி இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல."

"இப்ப நான் கேக்குறேங்க. எப்புடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள் எஸ்தர். "அன்னிக்குத்தான் முதமுதலா எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்னு தோணுச்சு."

போனை வைத்துவிட்டு சத்யப்ரியா விண்ணப்பங்களைத் திரும்பப் புரட்டினாள். இந்த முறை பெயரைப் பார்க்கவில்லை, பின்னால் இணைத்திருந்த லைசென்ஸ் நகலைப் பார்த்தாள். எழுபத்தொன்றில் பத்தொன்பது பெண்களுடையது. முன்பக்கத்தில் போன் எண் எழுதும் இடத்தில் அந்தப் பத்தொன்பதிலும் புருஷன் எண், அண்ணன் எண், அப்பா எண். அதில் எட்டு அவள் கையெழுத்திலேயே இருந்தது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

*

"போட்டி வண்டிய நாமளே கூட்டிட்டு வந்து பக்கத்துல நிறுத்துறதா? என்ன சத்யா சொல்ற?"

"ஆமா சார். மூணு வண்டியும் ஒரே எடத்துல நிக்கட்டும். ஒரே ரோட்டுல ஓட்டட்டும். ஓட்டுறது பொம்பளைங்க. பின்னாடி அவங்க வீட்டு ஆளுங்க. நம்ம வண்டியில எது மட்டம்னு நாமளே போர்டுல எழுதி வச்சிருவோம்."

"மட்டம்னு நாமளே எழுதுறதா?"

"பின்சீட்டு சின்னதுங்கறது உக்காந்தா தெரியப்போவுது. நாம சொன்னா நேர்மை, அவங்களா கண்டுபிடிச்சா ஏமாத்து."

ஆலன் நெற்றியைத் தடவினார். அவள் விடவில்லை. "இன்னொண்ணு. சீட்ட நம்மளால பெருசாக்க முடியாது. சர்வீஸ மாத்தலாம். ஒரு வேன் போதும். காளை அண்ணன ரெண்டு ஆளோட அனுப்புங்க. திங்கக்கிழம உசிலம்பட்டி, புதன்கிழம மேலூரு, வெள்ளிக்கிழம திருமங்கலம். வண்டி இங்க வர வேணாம், நாம அவங்க வாசலுக்குப் போவோம். இத நீங்க கையெழுத்துப் போட்டுத் தரணும் சார். வாய்ப்பேச்சா சொன்னா நான் யாருக்கும் வண்டி விக்க மாட்டேன்."

பட்டறையின் தலைமை மெக்கானிக் காளை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வேன் கெடக்கு சார். பெட்ரோல் மட்டும் போடுங்க, நான் போறேன்" என்றார். ஆலன் ஒரு நீண்ட மூச்சு விட்டு, லெட்டர் பேடை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

நோவாரா ஷோரூமில் விற்பனை மேலாளர் ராம்கி. சத்யப்ரியா படித்த அதே கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருஷம் இளையவன். அவள் போய்க் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, மாசம் அறுபது விக்கிறவன மாசம் நாலு விக்கிறவங்க போட்டிக்குக் கூப்புடுறீங்க. நான் வராம இருப்பேனா? வண்டியோட நானே வாரேன். எங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாரேன், அவளுக்கும் லைசென்ஸ் இருக்கு." பெலிக்ஸுக்குத் திருநகரில் ஒரு சொந்தக்காரரின் வண்டி கிடைத்தது.

பிறகு சத்யப்ரியா அந்தப் பத்தொன்பது பெண்களின் எண்களையும் தேடிப் பிடித்தாள். சிலர் வீட்டுக்கு நேரிலேயே போனாள். கீழக்குயில்குடிக்கும் போனாள். இருளாயி தையல் மிஷினிலிருந்து எழாமலே கேட்டாள். "நோவாராவுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்னு அவுக ஒத்தக்கால்ல நிக்கிறாக. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்கன்னு சொல்றேன். அவுகளையும் கூட்டியாரேன்."

*

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, காலை ஆறரை மணி. அழகர்கோவில் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்திடலில் மூன்று வண்டிகளும் வரிசையாக நின்றன. இருபத்திரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். எழுபத்தொன்றில் இல்லாத சிலரும் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். கூட வந்த புருஷன்மார், மாமனார், மாமியார், அண்ணன்மார் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன விசேஷக் கூட்டம்.

சத்யப்ரியா வெள்ளைப் போர்டில் எல்லோரும் பார்க்க எழுதினாள். பின்சீட்டு இடம்: நோவாரா முதல், கைரோ கடைசி. சாமான் வைக்கும் இடம்: பெலிக்ஸ் முதல், கைரோ கடைசி. சர்வீஸ் இடங்கள்: நோவாரா ஒன்பது, பெலிக்ஸ் ஆறு, கைரோ ஒன்று. அதற்குக் கீழே வேன் வரும் கிழமைகளை எழுதி ஆலன் கையெழுத்திட்ட தாளை ஒட்டினாள்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "ஏம்மா, நீ எந்தக் கம்பெனில வேல பாக்குற?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"கைரோதாங்கய்யா. இதெல்லாம் உக்காந்து பாத்தா தெரியுறது, அதான் நானே எழுதிட்டேன். ஓட்டிப் பாத்தா தெரியுறத அவங்க எழுதட்டும்."

பாதை எளிது. திடலில் கூம்புகளுக்கு நடுவே பின்னால் எடுக்க வேண்டும். பிறகு கோட்டை வாசல் தாண்டி மலைப்பாதையில் ஏறி, பாதி மேட்டில் நிறுத்தி மறுபடி எடுத்து, மேலே போய்த் திரும்ப வேண்டும். மூன்று வண்டியிலும் ஒவ்வொருவரும்.

முதல் ஒரு மணி நேரம் ராம்கியின் முகத்தில்தான் வெளிச்சம். நோவாராவின் பின்சீட்டில் ஏறினவர்கள் இறங்கவே மனமில்லாமல் இருந்தார்கள். ஏசி நேராக முகத்தில் அடித்தது. பெலிக்ஸின் பின்கதவைத் திறந்து ஒரு மாமியார், "இதுல ஒரு சீரே வச்சிரலாம் போலயே" என்றார். கைரோவின் பக்கம் கூட்டம் குறைவு. ஆலன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு மேல் ஓட்டினவர்கள் ஒவ்வொருவராக மலையிலிருந்து இறங்கி வந்து போர்டில் எழுதத் தொடங்கினார்கள். எஸ்தர் டீச்சர்தான் முதலில் எழுதினாள்: "மேட்டில் நிறுத்தி எடுத்தேன். பின்னால் உருளவில்லை. கைரோ." அடுத்தவள் எழுதினாள்: "வளைவில் பயம் இல்லை. கைரோ." மூன்றாமவள் நோவாரா என்று எழுதினாள். பிறகு மறுபடி கைரோ, கைரோ.

இருளாயி கடைசிக்கு முந்தின ஆளாகக் கைரோவில் ஏறினாள். நோவாராவையும் பெலிக்ஸையும் ஓட்டி முடித்திருந்தாள். பின்சீட்டில் நல்லகாமன், முழங்காலைக் குறுக்கிக்கொண்டு. முன்னால் சத்யப்ரியா.

அதற்குள் சாமி கும்பிட வருகிறவர்களின் வண்டிகள் ஏறத் தொடங்கிவிட்டன. மூன்றாம் வளைவுக்கு முன்னால் மேட்டில் வண்டிகள் தேங்கி நின்றன. ரோட்டில் குரங்குக் கூட்டம். இருளாயி நிறுத்தினாள். பின்னால் ஒரு சுற்றுலா வேன் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்து நின்று ஹாரன் அடித்தது. நல்லகாமன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இருளாயி, பின்னாடி உருண்டா அவன்மேல போயிரும். நீ எறங்கு, அந்தப் பிள்ள எடுக்கட்டும்."

"சும்மா இருங்க" என்றாள் இருளாயி. கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. முன்னே நகர்ந்தது.

அடுத்த வளைவில்தான் அது நடந்தது. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு வேன் வளைவை அறுத்துக்கொண்டு நேரே இவர்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. சத்யப்ரியாவின் கால் தானாகத் தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இல்லை. பின்சீட்டிலிருந்து "ஏய்!" என்ற சத்தம். இருளாயி கத்தவில்லை. பிரேக்கை அழுத்தி, அதே மூச்சில் இடப்பக்கம் ஒடித்து, தடுப்புச் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த மண்விளிம்பில் வண்டியை நுழைத்து நிறுத்தினாள். அந்த வேன் இவர்கள் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி உரசாமல் கடந்து போனது.

சத்யப்ரியா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது.

"எப்புடிக்கா?" என்றாள்.

"எடம் இருக்குன்னு தெரிஞ்சது. போனா போகும்னும் தெரிஞ்சது" என்றாள் இருளாயி. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். "என்னங்க, ஒங்களுக்கு ஒண்ணுமில்லயே?"

நல்லகாமன் முன்சீட்டின் முதுகைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே தலையாட்டினார். வண்டி மறுபடி ரோட்டில் ஏறி, மேலே போய், திரும்பி இறங்கியது.

திடலில் இறங்கியதும் ராம்கி சிரித்துக்கொண்டே வந்தான். "என்னண்ணே, பின்சீட்டுல காலு தப்பிச்சுச்சா?"

நல்லகாமன் முழங்காலைத் தடவினார். "இடிக்கத்தான் செய்யுது தம்பி" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பொண்டாட்டி பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை சத்யப்ரியா அதற்கு முன் எந்தப் புருஷன் முகத்திலும் ஷோரூமில் பார்த்ததில்லை. "இடிச்சா இடிக்கட்டும். ஓட்டப்போறது அவ. அவளுக்கு எது கைக்கு அடங்குதோ அதுல நான் மடங்கி உக்காந்துக்கிறேன்."

யாரோ கை தட்டினார்கள். எஸ்தர் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். அது திடல் முழுக்கப் பரவியது.

இருளாயி அதோடு நிற்கவில்லை. தான் வந்த லோடு ஆட்டோவிலிருந்து சீருடை மூட்டைகளை இறக்கச் சொன்னாள். பெலிக்ஸின் பின்சீட்டை மடக்கினால் பத்தொன்பது மூட்டை, கைரோவில் பதினாலு. எண்ணிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "போகட்டும், ரெண்டு நடை போயிட்டுப் போறேன். நானே ஓட்டுறதுக்கு யாரக் கேக்கணும்?" என்று சொல்லிவிட்டு, போர்டில் கைரோவுக்கு நேரே தன் பெயரைக் கோணல்மாணலாக, ஆனால் மற்ற எல்லாப் பெயரையும்விடப் பெரிதாக எழுதினாள்.

அன்று மட்டும் ஏழு பேர் பதிவு செய்தார்கள். ஐந்து பேர் நோவாராவுக்குப் போனார்கள், ராம்கிக்கும் வருத்தமில்லை. வருத்தம் அடுத்த வாரம்தான் வந்தது. அவன் மனைவி பாண்டீஸ்வரி, அவனையே அழைத்துக்கொண்டு ஹெல்மர் ஷோரூமுக்கு வந்து, நீலக் கைரோ ஒன்றைப் பதிவு செய்துவிட்டுப் போனாள். "வெளியில சொல்லிராதீங்கக்கா" என்று ராம்கி கெஞ்சினான். சத்யப்ரியா சொல்லவில்லை. மதுரை முழுக்கச் சொன்னது பாண்டீஸ்வரிதான்.

*

காளையின் வேன் சொன்ன கிழமையில் சொன்ன ஊருக்குப் போனது. ஒரு புதன்கிழமை மழை பெய்தது, அன்றும் போனது. உசிலம்பட்டி உரக்கடைக்காரர் தன் தங்கைக்கு ஒரு வண்டி எடுத்தார். வண்டி ஓட்டப் பழகும் மற்ற டீச்சர்களிடம், "மலையில ஏத்திப் பாத்துட்டு வாங்குங்க" என்று எஸ்தர் சொல்லி அனுப்பினாள். விண்ணப்பத்தில் சத்யப்ரியா புதிதாக ஒரு வரி அச்சடித்தாள்: ஓட்டுகிறவரின் போன் எண்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம், கம்பெனியின் மண்டல மேலாளர் சென்னையிலிருந்து வந்து கணக்கைப் பார்த்தார். முப்பத்துநாலு. அதில் இருபத்தாறு வண்டிகளின் பதிவுச் சான்றில் பெண்களின் பெயர்.

"நோவாரா இந்த மூணு மாசத்துல நூத்தித் தொண்ணூறு" என்றார் மண்டல மேலாளர், பழக்க தோஷத்தில்.

"விக்கட்டும் சார்" என்றாள் சத்யப்ரியா. "அது உக்காருறவங்களுக்கான வண்டி. எப்பவும் ஜாஸ்தியாத்தான் விக்கும். எங்களுக்கு அத ஜெயிக்கணும்னு இல்ல. இந்த வண்டி யாருக்கு வேணுமோ அவங்களத்தான் ஆறு வருசமா தேடாம விட்டுட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மற்ற ஊர் ஏஜென்சிக்காரர்களுக்கும் இதை வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். ஆலன் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கும் வார்த்தை குறையாதவர், அன்று ஸ்டியரிங்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இருளாயியின் வண்டி மறுநாள் காலை டெலிவரி. வெள்ளைதான் வேண்டுமென்று காத்திருந்தாள். நல்லகாமன் வேட்டி சட்டையில் வந்திருந்தார், மிஷின் பெண்கள் பதினைந்து பேரும் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். வழக்கமாக ஷோரூம் டிரைவர்தான் வண்டியை வாசல் தாண்டி ரோட்டில் கொண்டுபோய் விடுவார். இருளாயி கையை நீட்டினாள்.

"சாவியக் குடுத்தா. நானே எடுக்குறேன்."

அவள் ஏறி, சீட்டை முன்னே தள்ளி, உயர்த்தி, கண்ணாடிகளைச் சரி செய்தாள். நல்லகாமன் சொன்ன சொல் மாறாமல் பின்கதவைத் திறந்து உள்ளே மடங்கினார். வெளியே திருமங்கலம் சாலையில் காலை நேர பஸ்கள், லாரிகள், பள்ளிக்கூட வேன்கள் இடைவெளி விடாமல் போய்க்கொண்டிருந்தன. இருளாயி வாசலில் நிறுத்தி, இடதும் வலதும் பார்த்து, பொறுத்தாள். ஒரு பஸ் கடந்தது, இன்னொன்று கடந்தது. அடுத்த லாரிக்கு முன்னால் ஓர் இடைவெளி திறந்தது. வெள்ளை வண்டி சுத்தமாக ஒரே வளைவாக அதற்குள் புகுந்து, நாகமலை பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரைந்தது. மிஷின் பெண்கள் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றவர்களெல்லாம் கிளாஸைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள். சத்யப்ரியா அவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தாள்.